மாப்பிள்ளைக் காருக்கு நான் அடைத்த கேஸ்

ராசா, நீ சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். என் சுகத்தைப் பற்றிக் கேட்காதே, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதப்போகிறேன். தலை தீபாவளிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போகவில்லை, கோயம்புத்தூரிலேயே இருந்துகொள்கிறோம், கம்பெனியில் லீவு தரமாட்டார்கள் என்று நீ எழுதிய இன்லண்ட் கடிதம் போன வாரம் வந்தது. கல்யாணம் ஆன பையனுக்குத் தலை தீபாவளிக்கு லீவு தராத கம்பெனி இந்தத் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே நீ பொய் எழுதினால் எழுத்து குண்டு குண்டாக, அச்சடித்த மாதிரி வரும். இந்தக் கடிதமும் அப்படித்தான் இருந்தது. கடைசியில் சுமதி ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள், மாமாவையும் அத்தையையும் கேட்டதாகச் சொல்லவும் என்று. அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நீங்கள் ஏன் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். வைகாசியில் உன் மாப்பிள்ளை அழைப்பு அன்று நடந்ததுதான் காரணம். நடந்ததை நீயும் பார்த்தாய், ஊரும் பார்த்தது. ஆனால் நடந்ததற்கு மூல காரணம் எது என்று, உன் கடிதம் வரும் வரைக்கும் தெரிந்தவர்கள் நீயும் நானும் மட்டும்தான். அதை நீ உன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை என்பதை அவள் எழுதிய அந்த ஒற்றை வரியிலிருந்தே புரிந்துகொண்டேன். எனக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறாய். பெற்றவளைக் காட்டிக்கொடுக்காத பிள்ளை என்று நான் பெருமைப்பட வேண்டும். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ராசா. சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.

இது நிச்சயதார்த்தத்தன்று நான் அடித்த ஒரு பெருமையில் தொடங்கியது. சுமதி வீட்டுப் பெண்கள் எல்லாம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளை அழைப்புக்கு அவர்கள் சொந்தத்தில் யாரோ புதிதாக வாங்கிய காரைக் கேட்டிருப்பதாகச் சொன்னார்கள். பெண் வீட்டார் கார் பிடிப்பதுதானே முறை. எனக்கு அங்கே பொறுக்கவில்லை. "எதுக்கு அடுத்தவுக காரு? எங்க காரே இருக்கு. ஏசி காரு. மாப்பிள்ளை கோட்டு சூட்டோட ஒரு பொட்டு வேர்வை இல்லாம வருவான்," என்று சொல்லிவிட்டேன். அந்த ஏசியின் லட்சணம் உனக்குத் தெரியும். அப்பா அந்த அம்பாசிடரை ஒரு மில்காரரிடம் பழசாக வாங்கியபோது டேஷ்போர்டுக்குக் கீழே அந்தப் பெட்டி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பொத்தானைப் போட்டால் சத்தம் வரும், காற்று வரும், குளிர் மட்டும் வராது. பேண்டேஜ் துணிக் கட்டுகளை டிக்கியில் ஏற்றிக்கொண்டு போகிற காருக்கு ஏசி எதற்கு என்று அப்பாவும் விட்டுவிட்டார். அப்படிப்பட்ட காரைத்தான் நான் ஏசி கார் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். மதுரைக்குக் கொண்டுபோய்ச் செய்ய நாள் இல்லை. பந்தல்காரன், சமையல்காரன் என்று ஆயிரம் வேலை. கடைசியில் நம் ஊரில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவரிடம் ஒரு சின்ன சிலிண்டரில் கேஸும், ரெண்டு முள் வைத்த கேஜும் இரவல் வாங்கி, எப்படி அடைப்பது என்று கேட்டுக்கொண்டு வந்தார். நம் வீட்டு வாசலில் பானட்டைத் தூக்கிவைத்து அவர் வேலை பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. முதலில் சோப்பு நுரையைக் குழாய் முழுக்கத் தடவி, எங்கே முட்டை விடுகிறது என்று பார்த்து அந்த நட்டை இறுக்கினார். பிறகு என்னைக் கூப்பிட்டு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து காருக்கு முன்னால் வைக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "காரு நிக்கும்போது முன்னாடி காத்துப் படணும்ட்டி. இந்தச் சல்லடையில காத்து படலைன்னா கேஸு சூடாகி அழுத்தம் ஏறிரும்," என்றார். ஃபேனை என் கையால்தான் வைத்தேன். இதை நீ ஞாபகம் வைத்துக்கொள். அந்த முன்பக்கத்துக்குக் காற்று வேண்டும் என்பது எனக்குத் தெரியாது என்று நான் எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது.

நீ டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சமாக மிதித்துக்கொண்டிருந்தாய். அப்பா சிலிண்டரை நிமிர்த்திப் பிடித்து, திருகைக் கொஞ்சம் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். குழாயின் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறதே, அதற்குள் நுரை ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் நுரை நின்று, கண்ணாடி தெளிந்தது. அப்பா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "நுரை நின்னுட்டு. இம்புட்டுதான். இதுக்கு மேல ஒரு பொட்டுகூடப் போடக்கூடாதுன்னு சொன்னாரு," என்று திருகை மூடினார். நான் காருக்குள் கையை நீட்டிப் பார்த்தேன். குளிர்ச்சியாகத்தான் வந்தது. ஆனால் மதுரையில் முகூர்த்தப் பட்டு எடுத்த கடையில் கதவைத் திறந்ததும் எலும்பு வரைக்கும் ஏறியதே, அந்தக் குளிர் இல்லை. "இம்புட்டுத்தானா?" என்று கேட்டேன். "பழைய காருக்கு இது போதும்," என்றார். அந்த நேரம் பார்த்து, போன் வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். என்ஜினை அணைக்காமல், செத்த நேரத்தில் வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் நான் திருகைத் திறந்தேன். கேஸ் இரைகிற சத்தம் கேட்டு நீ கதவுக்கு வெளியே தலையை நீட்டினாய். "அம்மா, வேண்டாம்மா. அப்பா வரட்டும். போதும்னு சொல்லிட்டாங்கல்ல," என்றாய். நான் என்ன சொன்னேன்? "நீ சும்மா இருலே. உனக்காகத்தான செய்யுதேன்." கேஜில் முள் ஏறியது. ஏறட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். குழம்பில் உப்பு கூடினால் கெடும் என்று தெரிந்தவள், குளிர் கூடினால் மட்டும் கெடாது என்று நினைத்துவிட்டேன். அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஃபேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அவரும் போனில் கேட்ட ஏதோ பந்தல் கவலையோடு, முள்ளைக்கூடப் பார்க்காமல் குழாயைக் கழற்றிவிட்டார்.

எதிலும் இன்னும் கொஞ்சம் என்று கேட்பது என் பழக்கம். நீ ஆறாம் வகுப்போ என்னவோ படிக்கும்போது, புது சைக்கிளில் அய்யனார் கோவில் அருவிக்குப் போக வேண்டும் என்று கிளம்பினாயே, அப்போது சைக்கிள் கடைக்காரரிடம், காற்று கல்லு மாதிரி இருக்க வேண்டும், நல்லா அடி என்று நின்று அடிக்கவைத்தவள் நான்தான். அந்த மனுஷன் போதும் போதும் என்றுதான் சொன்னார். பாதி வழியில் வெயிலில் டியூப் வெடித்து, நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தாய். அன்றைக்கு நான் கடைக்குப் போய், மட்டமான டியூப் போட்டு ஏமாற்றிவிட்டாய் என்று அந்த ஆளை நாலு பேர் முன்னால் கிழித்தேன். நீ என் சேலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாய். மாப்பிள்ளைக் கோலத்தில் தெருவில் நின்றபோதும் நீ அப்படித்தான் தரையைப் பார்த்தாய். ஒரு பிள்ளைக்கு இப்படித் தலையைக் குனிந்து பழகிப்போகும்படி நான் வளர்த்திருக்கிறேன்.

அழைப்பன்று சாயந்திரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிள்ளையார் கோவில் முன்னால் காரை அலங்காரம் செய்தார்கள். பெண் வீட்டார் ஏற்பாடு செய்த பூக்காரர் பானட்டின் மேலே சரம் போட்டு, முன்பக்கம் ஓரங்களில் மட்டும் கொஞ்சம் தொங்கவிட்டிருந்தார். எனக்கு அது மொட்டையாகத் தெரிந்தது. போட்டோ எடுக்கும்போது முன்பக்கம்தானே விழும். "இன்னும் நெருக்கிக் கட்டுங்க, சல்லடையே தெரியக்கூடாது," என்றேன். சம்பங்கியும் கோழிக்கொண்டையும் வைத்து பாய் விரித்த மாதிரி அடைத்துக் கட்டினார். அப்பா ஓடி வந்து டிரைவர் சீட்டில் ஏறும்போது, "முன்னாடி பூவைக் கொஞ்சம் விலக்கச் சொல்லு," என்றுதான் சொன்னார். "மெதுவாத்தான போறோம், ஒண்ணும் ஆகாது," என்று நான் அவர் வாயை அடைத்தேன். மெதுவாகப் போவதுதான் ஆபத்து என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. வேகமாகப் போனாலாவது பூவுக்கு நடுவே கொஞ்சம் காற்று புகுந்திருக்கும். நாதஸ்வரக்காரர்கள் ஒவ்வொரு முக்கிலும் நின்று வாசிக்க, பையன்கள் காருக்கு முன்னால் ஆட, அது ஊர்ந்துகொண்டிருந்தது. பாதித் தெருவிலேயே உனக்குச் சூடான காற்று வர ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது. நீ கண்ணாடியை இறக்கப் போனாய். நான் ஓடி வந்து கண்ணாடியைத் தட்டி, இறக்காதே என்று சைகை காட்டினேன். ஏசி கார் என்று சொன்ன வாய்க்கு நீ கண்ணாடியை இறக்கினால் அவமானம் அல்லவா. உன் நெற்றியில் வேர்வை வழிவதைப் பார்த்துக்கொண்டேதான் தட்டினேன்.

அதன் பிறகு அந்தச் சத்தம் கேட்டது. பானட்டுக்குள் குழாய் வெடித்து, வெள்ளையாகப் புகை கிளம்பி, பூவெல்லாம் சிதறி, ரேடியேட்டர் வேறு பொங்கி, கார் தீப்பிடித்துவிட்டது என்று ஜனங்கள் சிதறி ஓடினார்கள். நாதஸ்வரம் பாதியில் நின்றது. காருக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த சுமதியின் அப்பா மட்டும் ஓடவில்லை. கதவைத் திறந்து உன்னைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டது அவர்தான். அவருடைய புதுச் சட்டையில் எண்ணெய் பொட்டுப் பொட்டாகத் தெறித்திருந்தது. உனக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த அடுத்த நொடி என் மனசில் வந்தது என்ன தெரியுமா? இவர்கள் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள் என்பதுதான். உடனே தொண்டையைத் திறந்துவிட்டேன். "பூவைக் கொண்டாந்து காரு மூஞ்சியிலயே அடைச்சு வச்சா காரு எப்படி மூச்சு விடும்? ஒரு காரை அலங்காரம் பண்ணக்கூட உங்க ஊருல ஆளு இல்லையா? எம்புள்ள உயிருல்ல போயிருக்கும்!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். உரக்கடை வைத்து ஊரில் நாலு பேர் மதிக்க வாழ்கிற மனுஷன், சுமதியின் அப்பா, அந்த எண்ணெய்ச் சட்டையோடு இரண்டு கையையும் கூப்பினார். "தப்பு எங்க மேலதான் சம்பந்தியம்மா. பெரிய மனசு பண்ணி மறந்துருங்க," என்றார். நான் மறக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மண்டபத்து மாடி ஜன்னலில் அலங்காரத்தோடு சுமதி நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். நீ மிச்சத் தூரத்தை நடந்தே போனாய்.

அதன் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. சுமதி நம் வீட்டில் இருந்த நாள்களில் ஒரு குறையும் வைக்கவில்லை. காலையில் காப்பியைக் கையில் கொண்டுவந்து கொடுப்பாள். ஒரு வார்த்தை முகம் சுளித்துப் பேசவில்லை. ஆனால் அவள் அப்பா ஒரு தடவைகூட நம் வீட்டுப் படி ஏறவில்லை, அவளும் வரச் சொல்லவில்லை. அவர் நம் வீட்டுக்கு வந்தால் மறுபடியும் எதற்காவது கையைக் கூப்ப வேண்டியிருக்கும் என்று அவள் பயந்திருப்பாள். இப்போது நீங்கள் தீபாவளிக்குப் போகாததும் அதற்குத்தான். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பணிந்து போக இன்னொரு நாளை எதற்கு உண்டாக்க வேண்டும் என்று நினைக்கிறாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

உன் கடிதம் வந்த அன்று மத்தியானம் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் அந்த வெடிப்புக்குப் பிறகு காரைத் தொடவே இல்லை. ஒரு பல்பு மாற்றக்கூட ஆளைக் கூப்பிடுகிறார். வயதாகிவிட்டது என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் இல்லாத நேரம் திருகைத் திறந்தது நான்தான் என்று சொன்னதும், திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தன் கையை விரித்துப் பார்த்தார். "எங் கை தப்பிப் போச்சுன்னுல்ல இத்தனை நாளும் நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றார். முப்பது வருஷம் அவரோடு வாழ்ந்திருக்கிறேன், ராசா. அவர் கையை அவரே சந்தேகப்படும்படி விட்டுவிட்டு நான் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

மறுநாள் நான் மட்டும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அத்தனை நாளும் தொடாத காரை அப்பா எடுக்கிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன். சம்பந்தி கடையில் இருந்தார். போட்டிருந்த சட்டையைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. அழைப்பன்று போட்டிருந்த அதே சட்டை. வெளுத்து வெளுத்து மங்கியிருந்தாலும் எண்ணெய்ப் பொட்டுகள் போகவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "நல்ல துணி சம்பந்தியம்மா, தூக்கிப் போட மனசு வரல. கடைக்குப் போட்டுக்கிடுதேன்," என்று சிரித்தார். உட்காரச் சொன்னார், காப்பி வாங்கி வர ஆள் அனுப்பினார். நான் உட்காரவில்லை. யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஏசி வேலை செய்யாத காரை ஏசி கார் என்று சொன்னது, திருகைத் திறந்தது, பூவை அடைக்கச் சொன்னது, எல்லாவற்றையும். வன்னியம்பட்டியிலிருந்து உரம் வாங்க வந்த ஒரு விவசாயியும் அவர் சம்சாரமும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் அன்றைக்குத் தெருவில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தாமலே சொன்னேன்.

அவர் கேட்டு முடித்துவிட்டு, "கேஸு விஷயம் இப்பத்தான் தெரியும். பூ விஷயம் அன்னைக்கே தெரியும்," என்றார். எனக்குப் புரியவில்லை. "நெருக்கிக் கட்டுங்கன்னு பூக்காரர்ட்ட நீங்க சொன்னப்ப நான் பக்கத்துலதான நின்னேன்," என்றார். "அப்பொறம் எதுக்குங்க கும்பிட்டீங்க? நீ சொல்லித்தானம்மா கட்டினதுன்னு எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கலாமே," என்றேன். அவர் தராசை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "மறுநாள் எம்பொண்ணு உங்க வீட்டுக்குல்ல வாரா, சம்பந்தியம்மா."

நான் அந்தக் கடையில் கையைக் கூப்பி நின்றேன். அவர் பதறிப்போய், அதெல்லாம் கூடாது, நீங்க மாப்பிள்ளையைப் பெத்தவுக என்று எழுந்து வந்தார். நான் கையை இறக்கவில்லை. அந்த வன்னியம்பட்டி அம்மா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தீபாவளிக்குச் சம்பந்தி உனக்கு வேட்டி சட்டை எடுத்து வைத்துவிட்டாராம். வரமாட்டார்கள் என்று தெரிந்தும் எடுத்து வைத்திருக்கிறார். போ என்று நான் உன்னைச் சொல்லப்போவதில்லை, அதைச் சொல்கிற தகுதி எனக்கு இல்லை. உனக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து, நீ ஏதாவது தப்பைச் செய்துவிட்டு அடுத்தவர் தலையில் போடும்போது, அந்தப் பிள்ளை தரையைப் பார்த்தால் அதை மரியாதை என்று நினைத்துவிடாதே. நான் அப்படி நினைத்துத்தான் இவ்வளவு காலம் ஓட்டினேன். எனக்காக இனி நீ எதையும் மறைக்க வேண்டாம்.

இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் மடித்து உன் பெட்டியில் வைக்காதே. சுமதி கையில் கொடு. தீபாவளிக்குப் போவதா வேண்டாமா என்று அவள் சொல்லட்டும். அவளுடைய அப்பா கையைக் கூப்பி நின்றதை அவள் ஜன்னலில் நின்று பார்த்தாள். நான் கூப்பி நின்றதை அவள் பார்க்கவில்லை. அதற்காகத்தான் எழுதினேன்.

உன் அம்மா